சாமி மேடைக்கு எந்தப் பசை?

ஒரு வருடம் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். "தம்பி, நீங்க செஞ்சு கொடுத்த சாமி மேடை மேல வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. பூசம் வருது, வந்து என்னன்னு பாருங்க" என்றார். மறுநாள் காலையிலேயே பினாங்குத் தீவிலிருந்து ஃபெர்ரி ஏறிப் போனேன். மூன்று பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டிச் செய்த மேல்தட்டு அது. காமாட்சி விளக்கு எரியும் இடத்துக்கு நேர் மேலே ஓர் ஒட்டு அரை அடி நீளத்துக்கு விரிந்திருந்தது. சுடருக்கும் தட்டுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. விளக்கை நகர்த்திவிட்டுத் தட்டின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஐந்து விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

அதை ஒட்டியது சாதாரண வெள்ளைப் பசை. அந்தப் பசையில் குறை ஒன்றும் இல்லை. தினமும் இரண்டு வேளை விளக்குச் சூடு படப்போகும் இடம் என்று தெரிந்தும், கையில் இருந்ததை எடுத்துப் பூசிய என்னிடம்தான் குறை. பசை டப்பாவைத் திறப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்தது. இந்த ஒட்டில் சூடு படுமா? தண்ணீர் படுமா? பாரம் எந்தப் பக்கம் இழுக்கும்? பின்னால் ஒருநாள் இதைப் பிரிக்க வேண்டி வருமா? பதில் தெரிந்துவிட்டால் எந்தப் பசை என்பது பாதி முடிவாகிவிடும்.

ஹார்ட்வேர் கடையில் போய் மரப் பசை என்று கேட்டால் முதலில் கையில் வருவது பிவிஏ. மலாயில் காம் பூத்தே, நாம் சொல்வது வெள்ளை காம். விலை குறைவு, வாசனை இல்லை, தண்ணீரில் கை கழுவிக்கொள்ளலாம், நன்றாக இழைத்த மரத்தை மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கும். ஆனால் எல்லா வெள்ளைப் பசையும் ஒன்றல்ல. டப்பாவைத் திருப்பி, டி (D) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஈஎன் 204 என்ற ஐரோப்பியத் தர முறையில் நான்கு படிகள் உண்டு. டி1 உலர்ந்த உள்ளறைக்கு, மரத்தின் ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டாத இடத்துக்கு மட்டும். டி2 என்றால் 18 சதவீதம் வரை, எப்போதாவது தண்ணீர் பட்டாலும் பரவாயில்லை. டி3 அடிக்கடி கொஞ்ச நேரம் நீர் படும் இடத்துக்கும் ஈரக்காற்று மிகுந்த இடத்துக்கும் ஏற்றது. டி4 வெளியே வைக்கும் சாமானுக்கு, அதுவும் மேலே நல்ல பூச்சு இருந்தால்.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பினாங்கில் காற்றின் ஈரம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அந்தக் காற்றில் கிடக்கும் மரத்தை எத்தனை மாதம் காயப்போட்டாலும் அது சுமார் 16 சதவீத ஈரத்தில் வந்து நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. அதாவது ஏர்கான் இல்லாத நம் வீட்டு முன்னறையே டி1 பசையின் எல்லையைத் தாண்டிவிட்டது. குளிர்நாட்டுக்காரர்கள் குளியலறைக்கு வாங்கும் பசையை நாம் வரவேற்பறைக்கு வாங்க வேண்டும். அதனால் டி1-ஐயும் எண்ணே போடாத டப்பாவையும் பள்ளிப் பிள்ளைகளின் அட்டை வேலைக்கு விட்டுவிட்டேன். வீட்டுச் சாமானுக்கு டி3, ஐந்தடிப் பந்தியில் வைக்கும் பெஞ்சுக்கு டி4. ஐந்தடிப் பந்தி என்றால் கடைவீட்டு முன்னால் இருக்கும் நடைபாதை, மலாயில் காக்கி லீமா. கூரை இருந்தாலும் சாரல் அடிக்கும் இடம்.

மஞ்சள் பசையும் பிவிஏ குடும்பம்தான், கொஞ்சம் மாற்றிச் செய்தது. ஈரமாக இருக்கும்போதே சீக்கிரம் பிடிக்கும், காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டால் வெள்ளைப் பசை மாதிரி சூட்டில் இளகித் தாளை அடைக்காது. நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது டைட்பாண்ட். அதில் முதல் வகை உள்ளறை வேலைக்கு, இரண்டாவது சாரலைத் தாங்கும், மூன்றாவது அதற்கும் மேல். மூன்றாவதுகூட எப்போதும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் வேலைக்கு ஆகாது, படகுக்காரர்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அதில் பிடித்தது அது கொடுக்கும் நேரம். முதல் வகையைப் பூசினால் 5 நிமிடத்துக்குள் பலகைகளைச் சேர்த்து மூட வேண்டும், மூன்றாவது சுமார் 10 நிமிடம் பொறுக்கும். இவை 21 டிகிரியில் அளந்த நேரம். நம் பட்டறையில் மதியம் 32 டிகிரி, மேலே காற்றாடி வேறு. நான் பாதி நேரம்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். காலை எட்டு மணிக்கு முன், காற்றாடியை நிறுத்திவிட்டு ஒட்டுவேன்.

மரத்துக்கு வருவோம், ஏனென்றால் பாதிப் பழியைப் பசை சுமக்கிறது, செய்வதோ மரம். என் அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தச்சராக இருந்தார், அம்மா பால் வெட்டினார். அப்போது பால்மரத்தை யாரும் பலகையாக மதிக்கவில்லை. பால் வற்றினால் வெட்டி அடுப்புக்குத்தான். மரத்தில் மாவு அதிகம், வெட்டிய சில நாளில் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். இப்போது வெட்டியவுடன் போரான் மருந்தேற்றிச் சூளையில் காயவைக்கிறார்கள், 25, 30 வருடம் பால் கொடுத்த மரம் அடுத்து மேசையாகவும் நாற்காலியாகவும் கப்பலேறுகிறது. ஒட்டுவதற்கு இதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியாது. வெள்ளைப் பசை போட்டுப் பிடித்தால் போதும். மெராந்தியும் ஞாத்தோவும் அப்படித்தான், சொன்னபடி கேட்கும்.

செங்கால், மெர்பாவ், தேக்கு மூன்றும் வேறு சாதி. செங்கால் காய்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் இருக்கும். அவ்வளவு இறுகிய மரத்துக்குள் பசை இறங்க இடம் குறைவு. தேக்கில் எண்ணெய். மெர்பாவில் சாயம், நனைந்தால் செம்பழுப்பாக வடியும். இந்த மூன்றையும் இழைத்த உடனே ஒட்ட வேண்டும். இன்று இழைத்து நாளை ஒட்டினால், உள்ளிருக்கும் எண்ணெயும் பிசினும் இரவோடு இரவாக மேலே வந்து படர்ந்துவிடும். பழைய வீட்டுக் கதவிலிருந்து கழற்றிய செங்கால் சட்டம் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் மேல்தோலை ஒரு மில்லிமீட்டராவது இழைத்துத் தள்ளாமல் ஒட்டாதீர்கள்.

எந்த மரமானாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உண்மையைச் சொல்லிவிடும். ஒட்டப்போகும் முகத்தில் விரல் நுனியால் ஒரு சொட்டு வையுங்கள். பரவி உள்ளே இறங்கினால் பசையும் இறங்கும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்தாக உருண்டு நின்றால், அந்த முகம் பசையை வாங்காது. மறுபடி இழையுங்கள். தேக்காக இருந்தால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் ஒட்டுங்கள். பலருக்கு உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால்தான் பிடிக்கும் என்று எண்ணம். மரப்பசைக்கு அது தேவையில்லை. கூரான இழைப்புளி வெட்டிய வழுவழுப்பான முகமே மிக நன்றாகப் பிடிக்கும். மழுங்கிய இழைப்புளிதான் ஆபத்து, அது மரத்தை வெட்டாமல் தேய்த்து நசுக்கிப் பளபளப்பாக்கிவிடும்.

சரி, பட்டர்வொர்த் மேடைக்குப் புதுத் தட்டு ஒட்டினோமே, அதை அப்படியே சொல்கிறேன். கூட இருந்தது என் அக்கா மகன், பாலிடெக்னிக் விடுமுறையில் வந்திருந்தான். ஞாத்தோ பலகை மூன்று, ஒவ்வொன்றும் 4 அங்குல அகலம், 4 அடி நீளம், ஓர் அங்குலக் கனம். முதலில் பசையே இல்லாமல் அடுக்கி, திருகி இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டுப் பார்த்தோம். இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. இரண்டு விளிம்பும் சேரும் இடத்தைப் பின்னால் டார்ச் வெளிச்சம் வைத்துப் பார்த்தால், நடுவில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது. அவன், "மாமா, கிளாம்ப்பை முறுக்கினா மூடிடும்" என்றான். மூடும்தான், ஆனால் கிளாம்ப்பைக் கழற்றிய பிறகு அந்த இடம் வருடக்கணக்கில் திறக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். திரும்ப இழைத்தோம். பிவிஏ பசை இடைவெளியை நிரப்பாது, நிரப்பினாலும் அந்த இடத்தில் பலம் இருக்காது.

பிறகு பென்சிலால் மூன்று பலகைக்கும் குறுக்கே பெரிய முக்கோணம் ஒன்று வரைந்தேன், பதற்றத்தில் பலகை திரும்பிவிட்டால் தெரிந்துகொள்ள. கிளாம்ப் எல்லாம் சரியான அளவுக்குத் திறந்து வரிசையாக இருந்தன, பழந்துணி ஒன்று, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று. விளிம்பில் பசையைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஊற்றி, பிரஷ்ஷால் ஒரே சீராகப் பரப்பினோம். மரத்தின் நிறம் மங்கலாகத் தெரிய வேண்டும், அவ்வளவு கனம் போதும். சாதாரண மரத்துக்கு ஒரு பக்கம் பூசினால் போதும். நான் இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசுவேன், இரண்டு முகமும் நனைந்துவிட்டது என்ற நிம்மதிக்கு.

ஒட்டியதும் உடனே முறுக்காமல் பலகையை முன்னும் பின்னும் ஓர் அங்குலம் தேய்த்தேன். நான்காவது தேய்ப்பில் பசை இழுத்துப் பிடிப்பது கையிலேயே தெரியும். அப்போது நேராக்கி நிறுத்தி கிளாம்ப் போட வேண்டும். எத்தனை கிளாம்ப் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கிளாம்ப் வாயிலிருந்து அழுத்தம் இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் விரிந்து போகும். 4 அங்குலப் பலகை என்றால் ஒட்டை அடையும்போது அந்தப் பக்கம் 4, இந்தப் பக்கம் 4, மொத்தம் 8 அங்குலம் அகலமாகியிருக்கும். அதனால் 8 அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப். பலகை ஒடுக்கமானால் இன்னும் நெருக்கமாக, அல்லது வெளியே ஒரு தடித்த கட்டை வைத்து. நடுத்தர மரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 175 பவுண்டு அழுத்தம் சொல்கிறார்கள். நாங்கள் ஒட்டிய விளிம்பு 48 சதுர அங்குலம், அதற்கே 7,000 பவுண்டு, அதாவது 3 டன்னுக்கு மேல். நாலு செங்கல்லைத் தூக்கி வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை யோசிக்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டால் தட்டு வில்லாக வளையாது. என் குழாய் கிளாம்ப் எல்லாம் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. திருகு சுத்தமாக இருந்தால் துரு ஒரு பொருட்டே இல்லை.

துரு மரத்தில் படக் கூடாது, அது வேறு. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மெர்பாவ் மாதிரி துவர்ப்புள்ள மரத்தில் மை கொட்டினாற்போல் கறுப்பு விழுந்துவிடும். கிளாம்ப்புக்கும் மரத்துக்கும் நடுவில் மெழுகுத்தாள் ஒரு துண்டு வைத்தால் போயிற்று.

முறுக்கியதும் ஒட்டு நெடுகச் சின்னச் சின்ன மணியாகப் பசை பிதுங்க வேண்டும். கொலுசு மணி மாதிரி வரிசையாக வந்தால் அளவு சரி. ஒழுகி வடிந்தால் அதிகம். ஓர் இடத்தில் வரவே இல்லை என்றால், அந்த இடத்தில்தான் பின்னால் திறக்கும். அக்கா மகன் உடனே ஈரத்துணியை எடுத்தான், கையைப் பிடித்து நிறுத்தினேன். ஈரத்துணி பசையைக் கரைத்து ஞாத்தோவின் துவாரங்களுக்குள் தேய்த்துவிடும். அன்று ஒன்றும் தெரியாது, வார்னிஷ் அடிக்கும்போது அங்கே மட்டும் வெளிறிப்போய்த் தேமல் மாதிரி நிற்கும். அரை மணி நேரம் விடுங்கள். பசை ஓரம் தெளிந்து, நடு இன்னும் வெள்ளையாக, சூயிங்கம் பதத்துக்கு வரும். அப்போது உளியைத் தட்டையாக வைத்து நகர்த்தினால் ஒரே நாடாவாக உரிந்து வரும். நேரம் தவறிக் கல்லாகிவிட்டால், பசையோடு மர நாரும் பெயர்ந்துவிடும். கிளாம்ப்பை ஒரு மணி நேரத்தில் கழற்றலாம். ஆனால் முழு பலம் வர 24 மணி நேரம். மறுநாள்வரை இழைக்கவும் மாட்டேன். ஒட்டுக்குப் பக்கத்து மரம் பசையிலிருந்த தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கும். அப்போதே சமன் செய்தால், காய்ந்த பிறகு ஒட்டு நெடுகப் பள்ளமாகத் தெரியும்.

சூட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். பிவிஏ எதுவானாலும் சூட்டில் இளகும், உசத்தியான வகை கொஞ்சம் தாமதமாக இளகும். இரண்டு குழம்பைக் கலந்து போடும் எபாக்ஸி, கடையில் கிடைக்கும் சாதாரண வகை, அதுவும் அப்படியே. பசையை மாற்றி விளக்கை ஜெயிக்க முடியாது. அதனால் தட்டை ஒன்றரை அடி உயர்த்தினேன், அடியில் அரை அங்குலம் காற்று புகும் இடம் விட்டுப் பித்தளைத் தகடு ஒன்று தொங்கவிட்டேன். சூட்டைத் தகடு வாங்கிக்கொள்ளும். உங்கள் வீட்டு மேடையில் மேல்தட்டைத் தொட்டுப் பார்த்துக் கை சுட்டால், இன்றைக்கே விளக்கைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவிடுங்கள். அது ஒட்டுக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கும் நல்லது.

பசை போடவே கூடாத இடமும் உண்டு. சட்டத்துக்குள் பதிக்கும் கதவுப் பலகையைச் சட்டத்தோடு ஒட்டாதீர்கள். மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில் அசைந்துகொண்டே இருக்கும். நம் காற்றில் 16 சதவீத ஈரத்தோடு இருக்கும் ஓரடி அகலப் பலகை, ஏர்கான் போட்ட அறைக்குப் போனால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சுருங்கும். சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் தன்பாட்டுக்குச் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் ஒரு நாள் இரவு துப்பாக்கி வெடித்தாற்போல் நடுவில் பிளக்கும். அதே போல மரத்தின் வெட்டுமுனையில் பசையை நம்பாதீர்கள். நார்கள் உறிஞ்சு குழல் மாதிரி பசையை இழுத்துக்கொள்ளும், ஒட்டில் ஒன்றும் மிஞ்சாது. அங்கே துளையும் கழுந்தும் வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் துளைத்துச் செருகும் டவல் (dowel) என்ற உருண்டைக் குச்சியாவது வேண்டும்.

மற்ற பசைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எபாக்ஸி இடைவெளி உள்ள பழைய மூட்டுக்கும், எண்ணெய் மரத்துக்கும், இரும்பும் மரமும் சேரும் இடத்துக்கும். இரண்டு குழம்பையும் சொன்ன அளவில் கலக்க வேண்டும், கண் மதிப்பு ஆகாது. கலந்ததைக் கோப்பையிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும், தட்டையான மூடியில் பரப்பி வையுங்கள். இதை மட்டும் பலமாக முறுக்காதீர்கள், பசை எல்லாம் வெளியே போய்விடும். நுரைத்து வரும் பாலியூரித்தேன் பசை ஈரத்தில் இறுகுவது, நீரையும் தாங்கும். ஆனால் அந்த நுரைக்குப் பலம் கிடையாது, இடைவெளியை அடைத்துவிட்டது என்று ஏமாறக் கூடாது. கையில் பட்டால் தோல் உரியும்வரை கறுப்பாக இருக்கும். காம் காஜா, அதான் நம் சூப்பர் குளூ, பெயர்ந்த சில்லையும் விரிசலையும் பிடிக்க நல்லது, நாற்காலிக் காலுக்கு வேண்டாம். அடி பட்டால் கண்ணாடி மாதிரி உடையும். செருப்புக் கடைப் பசை பார்மைக்கா ஒட்ட மட்டும். பாரத்தில் அது மெல்ல மெல்ல நகரும்.

நான்காவது கேள்வி இருக்கிறதே, பிரிக்க வேண்டி வருமா என்பது, அதற்கு என் அப்பாவின் பதில் வச்சிரம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது. வெல்லக்கட்டி மாதிரி பழுப்பாக இருக்கும். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடாக்குவார். நேரடி நெருப்பு கூடாது, கொதித்தால் பலம் போய்விடும். 60 டிகிரிதான் கணக்கு. அப்பாவிடம் தெர்மாமீட்டர் இல்லை. "டேய் தம்பி, விரலை விட்டா உடனே எடுக்கத் தோணணும், ஆனா கொப்புளிக்கக் கூடாது" என்பார். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வச்சிரத்தில் ஒட்டியதைச் சூடும் ஈரமும் காட்டினால் அழகாகப் பிரிக்கலாம், பழைய பசை மேலேயே புதுப் பசை பூசலாம். பழைய ஆர்மோனியம், வயலின் வேலைக்கு இன்றும் அதுதான். பஜனைக் குழு ஆர்மோனியத்தை யாரோ வெள்ளைப் பசையால் ஒட்டிக் கொண்டுவந்தால், எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கும். அடுத்தவன் அதைத் திறக்கும்போது மரம் கிழியும்.

வெள்ளைப் பசை அப்படி இல்லை. ஆடும் நாற்காலி மூட்டில் மேலாகக் கொஞ்சம் ஊற்றிக் கட்டி வைப்பது வீண். காய்ந்த பிவிஏ மேல் புது பிவிஏ பிடிக்காது. மூட்டை முழுதாகக் கழற்றுங்கள். வரவில்லை என்றால் சூடான வினிகர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஊறவையுங்கள், இளகும். பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, தண்ணீர் சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

திறந்துபோன ஒட்டைத் தூக்கி எறியுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி பசைத் தோல் இருந்தால், மூடுவதற்குள் பசை காய்ந்துவிட்டது. இரண்டு முகத்திலும் வெறும் மரம் தெரிந்தால் பசை போதவில்லை. தடித்த பசைப் பாளம் தெரிந்தால் மரம் சரியாகச் சேரவில்லை. மர நார் பிய்ந்து வந்திருந்தால் ஒட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது, பாரம்தான் மிஞ்சிவிட்டது. புது டப்பா வாங்கினாலும் நான் இப்படித்தான் சோதிப்பேன். அதே மரத்தின் இரண்டு துண்டை ஒட்டி, மறுநாள் ஒட்டில் உளி வைத்து அடிப்பேன். பிளவு மரத்தில் போனால் பசை நல்லது, கோட்டோடு கோடாகப் போனால் கடைக்காரரிடம் திரும்பப் போவேன்.

டப்பா மேல் வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதி வையுங்கள். பசைக்குச் சுமார் இரண்டு வருடம் ஆயுள், துத்தநாகக் கூரைக்கு அடியில் வெயில் காயும் அலமாரியில் வைத்தால் அதைவிடக் குறைவு. நான் சமையலறை மேடைக்கு அடியில் வைக்கிறேன், வீட்டில் திட்டினாலும். கட்டி தட்டினாலும் நூல் நூலாக இழுத்தாலும் தண்ணீர் விட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், குப்பையில் போடுங்கள்.